செந்நாய் பத்திரப்படுத்திய மணி

மலைக்காட்டுக் குகை ஒன்றில் செவலி என்ற செந்நாய் தன் குட்டி பொட்டுவோடு வாழ்ந்து வந்தது. குளிர் மிகுந்த அந்த மலையில் யாரும் உண்ணியைப் பார்த்ததே இல்லை. அந்த வருடம் ஏனோ பனியே விழவில்லை.

ஒருநாள் சாம்பன் என்ற ஊர்நாய் லாரியில் ஒளிந்து மலைக்கு வந்தது. அதன் காதோரம் ஏதோ உருண்டையாகப் பளபளத்தது.

"அடேயப்பா! என்ன அழகான மணி!" என்று வாயைப் பிளந்தது செவலி.

அது இரத்தம் குடித்து ஊதிப்போன உண்ணி. சாம்பனுக்கும் அது தெரியும். ஆனால் சும்மா கிடைக்கிற பெருமையை யார்தான் விடுவார்கள்?

"எங்கள் ஊரில் பெரிய இடத்து நாய்கள் இதைத்தான் அணியும்!" என்றது.

"பிறகு ஏன் ஓயாமல் சொறிகிறாய்?"

"அது... கீழே இப்போது அதுதான் நாகரிகம்!"

சாம்பன் புறப்படும்போது மணி தானாக உதிர்ந்தது. செவலி அதை நாக்கு நுனியில் எடுத்து, குட்டி படுக்கும் இடத்தருகே பாறை இடுக்கில் வைத்தது. "நீ பெரியவனானதும் போட்டுக்கொள், கண்ணு!"

கீழே ஊர்ப்பக்கம் போய்வரும் ஒரு மைனா அதைப் பார்த்துவிட்டது. "ஐயோ அக்கா! அது உண்ணி! கொடு, தின்றுவிடுகிறேன்!"

"திருட்டு மைனாவே! என் பிள்ளையின் நகை மேல் கண் வைக்கிறாயா?" செவலி பாய்ந்தது. வாலிறகை இழந்து மைனா தப்பியது.

சில வாரங்கள் கழிந்தன. ஒரு காலையில் பொட்டு பால் குடிக்க எழவில்லை. ஈறு வெளுத்திருந்தது.

"அம்மா... மணி நடக்கிறது!" என்று முனகியது.

செவலி குட்டியின் காதைப் புரட்டியது. காதுக்குள், கழுத்தில், கால்விரல் இடுக்கில், எங்கும் மணிகள்! அத்தனைக்கும் கால்கள்! பாறை இடுக்கிலிருந்து இன்னும் ஊர்ந்து வந்துகொண்டே இருந்தன.

"யார் நீங்கள்?" என்று அலறியது செவலி.

"நீ வைத்த மணியின் பிள்ளைகள்! முன்பெல்லாம் இந்தக் குளிரில் செத்துப்போவோம். இப்போது பனியும் இல்லை, நீயோ படுக்கைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தாய்!"

செவலி போட்ட ஊளையில் காடே நடுங்கியது. அடிபட்ட அதே மைனா தன் கூட்டத்தோடு பறந்து வந்தது. மைனாக்கள் உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்தன. குட்டி பிழைத்தது.

ஆனால் இடுக்கெல்லாம் உண்ணி மண்டி, குகை கைவிட்டுப் போயிற்று. பொட்டுவைக் கவ்விக்கொண்டு செவலி வேறு இடம் தேடி நடந்தது. பாதையோரப் புல் நுனிகளில் எல்லாம் பொடி உண்ணிகள் கால் நீட்டிக் காத்திருந்தன!

பகட்டில் மயங்கி இன்னதென்று தெரியாததை வீட்டுக்குள் வைத்து, எச்சரித்தவரைத் திருடன் என்று விரட்டினால், அந்தத் தவறை நம் பிள்ளைகள்தான் உடம்பில் சுமப்பார்கள்.