ஓடையை விட்டு ஏறாத மாடுகள்

“நான் என்ன பாவம் செஞ்சேன், தாயே?”

குகை வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கேட்டான் மொக்கையன். மலைமாடு மேய்க்கிறவன், ஐம்பதைத் தாண்டியவன்.

கல்லில் உட்கார்ந்திருந்த பாறையம்மாளுக்கு அவன் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அந்த மலையில் எல்லோருக்கும் அவள் தாய்தான்.

“என்ன ஆச்சு?”

“ஓடை செத்துப்போச்சு. போன வருசம் முழங்கால் தண்ணி ஓடுச்சு. இப்பக் கரையெல்லாம் இடிஞ்சு வெறும் சேறு. பாதி மாடு சீக்கு வந்து போயிருச்சு. நேத்து செவலையோட கன்னு சேத்துல புதைஞ்சு மூச்சு முட்டிச் செத்துச்சு. யாரோ செய்வினை வச்சுட்டாக.”

கீழே செவலைப் பசு கத்துவது குகைவரை கேட்டது.

“மாடுக எப்ப ஓடைக்கு எறங்கும்?”

“எறங்குறதாவது? அங்கனதான கெடக்குதுக. விடிஞ்சாலும் அங்கன, அடைஞ்சாலும் அங்கன.”

“மேட்டுல புல்லு இல்லியா?”

“இருக்கு. காஞ்ச புல்லு. ஓடையில மிச்சமிருக்குற பச்சையையும் ஈரத்தையும் விட்டுட்டு ஏறுமா? அடிச்சுத்தான் ஏத்தணும். வாயில்லாச் சீவன் மேல இந்தக் கை கம்பை ஓங்குனதே இல்ல, தாயே.”

அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நீட்டிக் கிடந்த அந்தக் கையின் மேல் பாறையம்மாள் தன் காலை வைத்தாள்.

மொக்கையனுக்கு மெய் சிலிர்த்தது. பெரிய மனிதர்களெல்லாம் காத்துக் கிடந்தும் கிடைக்காத திருவடி, ஒரு மாட்டுக்காரன் கைமேல்!

“கனக்குதா?”

“பூ வச்ச மாதிரி இருக்கு, தாயே.”

அவள் முறத்தை மடியில் எடுத்து வைத்து, சாமையில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

வெயில் ஏறியது.

கிடைத்த பாக்கியத்தை யாராவது வேண்டாம் என்பார்களா? விரல் மரத்தபோது மொக்கையன் வாய் திறக்கவில்லை. வலி தோள்வரை ஏறியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

கீழே செவலை கத்திக்கொண்டே இருந்தது.

“தாயே, கை போயிரும் போல இருக்கு.”

“பூன்னு சொன்ன?”

“அப்பச் சொன்னேன்.”

“நான் ஏறி நிக்கலியேப்பா. வச்ச கால் வச்சபடிதான இருக்கு.”

“அதான் தாயே! வச்ச காலை எடுக்கணும்ல!”

சொன்னவன் தலையைத் திருப்பி, கீழே ஓடைப் பக்கம் பார்த்தான்.

அவள் காலை எடுத்தாள்.

விரல்கள் வெளுத்துக் கிடந்தன. மடக்கிப் பார்த்தான். மடங்கவில்லை.

“பழையபடி ஆயிருமா, தாயே?”

அவன் கையைக் கேட்கிறானா, ஓடையைக் கேட்கிறானா என்று அவள் கேட்கவில்லை.

“தெரியலப்பா. எடுத்தாச்சு. அம்புட்டுதான்.”

மொக்கையன் எழுந்து ஓடைக்கு இறங்கினான்.

மாடுகள் சேற்றில்தான் நின்றன. கன்று புதைந்த இடத்தைச் செவலை நக்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டான். ஒன்றும் அசையவில்லை. செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இழுத்தான். அது காலை இன்னும் ஆழமாக ஊன்றிக்கொண்டது.

இடது கையால் ஒரு கிளையை ஒடித்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செவலை தலையைத் திருப்பி, கன்றை எடுத்துத்தர வந்தவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தது.

அடித்தான்.