மெழுகு சொன்ன சாட்சி

முன்னொரு காலத்தில் சாரல்நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். பகலில் அவன் ஆண்டான், ராத்திரியில் அவன் பல் ஆண்டது. தூங்கியதும் 'நறநற'வென்று அரைக்க ஆரம்பித்தால் மூன்றாம் கட்டு வரை கேட்கும். விடிந்தால் தாடைவலி, தலைவலி, முறுக்கைக் கண்டாலே எரிச்சல். ஆனால் ராஜாவின் உடம்பில் குறை சொன்னவனுக்கு நாக்கு போகும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அதனால் மடைப்பள்ளி வரை எல்லாருக்கும் விஷயம் தெரியும், ராஜாவுக்கு மட்டும் தெரியாது.

சத்தம் தாங்கவில்லை என்று மட்டும் சொல்லி மகாராணி வேறு மாளிகைக்குப் போய்விட்டாள். ராஜா ஒரு ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் காத்திருந்தான். சத்தமே வரவில்லை. தன் வீரத்துக்குப் பயந்துவிட்டது என்று சபையில் மீசையை முறுக்கினான்.

பிரதானி தாண்டவராயர் எழுந்தார். ராஜா படுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஊரார்மேல் கோள் மூட்டுவதே அவர் உத்தியோகம். வாசல் காவலன் சுடலையாண்டியின் வேலையில் தன் மச்சானை வைக்க அவருக்கு வெகுநாள் ஆசை. எலும்பு கடிக்கும் பிசாசு வருகிறது, அதை உள்ளே விடுபவன் காவலன்தான் என்று சாதித்தார். பௌர்ணமிக்குள் பிசாசு பிடிபடாவிட்டால் சுடலையாண்டிக்குக் கழு என்று தீர்ப்பாயிற்று. பாவம், உண்மையைச் சொன்னால் நாக்கு போகும், சொல்லாவிட்டால் உயிர் போகும். மந்திரி பிச்சாண்டியாரின் காலில் போய் விழுந்தான்.

மந்திரி தேன்மெழுகு வில்லை ஒன்றை ராஜாவிடம் நீட்டினார். எலும்பு தேடும் பிசாசு மகாராஜாவின் பல்லுக்குத்தான் குறிவைக்கிறது, இதை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்துப் படுத்தால் அதன் தடம் விழும் என்றார். விடிந்ததும் பார்த்தால் மெழுகில் ஆழமான பல்தடம், முன்வரிசையில் ஒரு பல் மட்டும் பாதி.

"அரைப்பல் பிசாசு!" என்று ராஜா குதூகலித்தான்.

பிசாசு மனித வேடத்தில் சபையிலேயே இருக்கலாம், எல்லாரும் மெழுகைக் கடித்துக் காட்டட்டும் என்றார் மந்திரி. தாண்டவராயர் முந்திக்கொண்டு கடித்தார். காவலனும் கடித்தான். ஒருவருக்கும் பொருந்தவில்லை.

"இன்னும் யார் பாக்கி?" என்றான் ராஜா.

மந்திரி கடைசி வில்லையை நீட்டினார். ராஜா கடித்தான், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தான். சின்ன வயதில் மாங்கொட்டை கடித்து உடைந்த முன்பல்லை நாக்கால் தடவிக்கொண்டான்.

"நானா?"

"நான் ஒன்றும் சொல்லவில்லை மகாராஜா. மெழுகுதான் சொல்கிறது. அதற்கு நாக்கு கிடையாது."

ராஜா சிரித்த சிரிப்பில் சபைக்கு உயிர் வந்தது. இதற்கு மருந்து உண்டா என்று கேட்டான்.

"மெழுகு பல்லைக் காக்கும், வெந்நீர் ஒத்தடம் தாடையைக் காக்கும். ஆனால் படுக்கும் நேரத்தில் கோள் கேட்டால், விழுங்கிய கோபத்தைப் பல்தான் ராத்திரி முழுக்க மென்றாக வேண்டும்."

அன்றே அந்த நாக்கறுக்கும் சட்டம் ஒழிந்தது. சுடலையாண்டிக்குப் பட்டு அங்கவஸ்திரம், மந்திரிக்கு முத்துமாலை. தாண்டவராயர் இனிமேல் யார்மேல் எது சொன்னாலும் பகலில், அந்த ஆள் எதிரிலேயே சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அதற்கப்புறம் அவருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை.

ராஜா நிம்மதியாகத் தூங்கினான், மகாராணியும் திரும்பி வந்தாள். நறநற சத்தம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை, தாண்டவராயர் வீட்டுக்குக் குடிபோயிருந்தது. பிச்சாண்டியார் நல்ல மனுஷர், அங்கேயும் ஒரு மெழுகு வில்லை கொடுத்தனுப்பினார்.