வெள்ளிச்சி எட்டிப் பார்த்த நாள்

அந்தக் காலத்தில் கழிமுகத்தில் வாழ்ந்த எல்லா உயிருக்கும் வாய் இருந்தது, வம்புக்கும் குறைவில்லை. வெள்ளிச்சி என்ற இறாலும் செங்காலி என்ற நண்டும் அங்கே அடுத்தடுத்த வளைகளில் குடியிருந்தார்கள்.

அப்போது இருவருக்குமே ஓடு கல் மாதிரி இருக்கும். உடம்பு பெருத்தால் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, ஏழு முறை ஓதம் ஏறி வடியும்வரை வளைக்குள்ளேயே கிடக்க வேண்டும். நடுவில் வெளியே வந்தால் புது ஓடு அந்தப் பதத்திலேயே நின்றுவிடும். நேற்றுப் பொரித்த குஞ்சுக்கும் இது தெரியும்.

ஓர் அமாவாசையன்று இருவரும் ஒன்றாகவே ஓடு கழற்றினார்கள். மூன்றாம் ஓதத்தில் வம்புக்காரி உளுவை மீன் வெள்ளிச்சியின் வாசலுக்கு வந்தாள்.

"பக்கத்து வளைக்காரிக்கு ஓடு பச்சையும் நீலமுமா பூப்போட்டு வருதாமேடி!"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

வெள்ளிச்சிக்கு வயிறு பற்றி எரிந்தது. தன் ஓட்டைத் தடவிப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, ஒரு பூகூட இல்லை. போன தடவையும் செங்காலிக்குத்தான் பேர். நேராக நடக்கத் தெரியாதவளிடம் அப்படி என்னதான் கண்டார்கள்? தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல இந்த ஊரில் ஒருத்தருக்கும் வாய் வராதா?

ஐந்தாம் ஓதத்தில் பொறுக்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வெளியே வந்து, செங்காலியின் வளைக்குள் எட்டிப் பார்த்தாள். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை இன்னும் நீட்டினாள்.

"யக்கா, நீயா! உள்ள போக்கா, ஓடு கெட்டுரும்!" என்று பதறினாள் செங்காலி.

"பூப்போட்ட திமிரு! எனக்கே புத்தி சொல்றியா?"

"என்ன பூவு? என் முதுகை நானே இன்னும் பாக்கலியேக்கா."

அதற்குள் கெளுத்தி மீன் வாயைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது. வெள்ளிச்சி வாலைச் சுண்டிப் பின்பக்கமாகவே பாய்ந்தாள். உயிர் போகிற நேரத்திலும் அவள் கண் மட்டும் செங்காலியின் வளையை விடவில்லை. தன் வளைக்குள் விழுந்து உடம்பைத் தொட்டுப் பார்த்தாள். ஓடு வெங்காயத் தோலாக அப்படியே நின்றுபோயிருந்தது.

ஏழாம் ஓதம் வடிந்ததும் செங்காலி வெளியே வந்தாள். முதுகில் பூவும் இல்லை, பொட்டும் இல்லை. சேற்று நிறத்தில் கெட்டியான ஓடு, அவ்வளவுதான். அதைப் பார்த்து வெள்ளிச்சி அழுத அழுகை கொஞ்சமல்ல.

அன்று நின்றுபோன அந்த ஓடுதான் இன்றுவரை இறாலுக்கு. நண்டை உடைக்கக் கல்லைத் தேடுகிறவர்கள் இறாலை நகத்தாலேயே உரித்துவிடுகிறார்கள். உரித்து, வதக்கி, இதற்கு ஈடு இந்தக் கடலிலேயே கிடையாது என்று சப்புக்கொட்டுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் வெள்ளிச்சிக்குக் கொடுத்துவைக்கவில்லை.