சூரன் தின்னாத எட்டாவது மெத்தை

செங்குளநாட்டை ஆண்ட கொழுந்துபூபதி நல்ல ராஜாதான். ஆனால் யார் மேலாவது அவருக்குப் பிரியம் வந்துவிட்டால் அவர்கள் பாடு திண்டாட்டம்.

அப்படி மாட்டிக்கொண்டது வேட்டைநாய் சூரன். ஒருமுறை காட்டுப்பன்றி ராஜாவைக் குத்த வந்தபோது, சூரன் பாய்ந்து அதன் காதைக் கவ்வி அவரைக் காப்பாற்றியது. ராஜா உருகிப்போனார். "இனி இதன் கால் மண்ணில் படக்கூடாது" என்று உத்தரவு போட்டார். தனி அறை, பட்டு மெத்தை, வாசலில் இரண்டு காவலர், வெளியே போகப் பல்லக்கு. போரில் ஜெயித்த தளபதிக்குச் செய்யும் மரியாதை அத்தனையும் நாய்க்கு நடந்தது. காடு மேடெல்லாம் ஓடித் திரிந்த சூரன் மெத்தையில் குந்திக்கொண்டு சுவரைப் பார்த்தது.

ஒரே மாதத்தில் ஏழு மெத்தைகளைத் தின்று தீர்த்தது.

கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, பஞ்சையும் விழுங்கி வைத்தது. வயிறு உப்பியது. வைத்தியர் விளக்கெண்ணெயோடு அலைந்தார். மெத்தையில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார்கள். மிளகாயை அரைத்துப் பூசினார்கள். சூரன் தும்மித் தும்மித் தின்றது.

கடைசியில் ராஜாவின் கோபம் மெத்தை தைக்கும் முத்திருளன் மேல் திரும்பியது.

"உள்ளே ஏதோ ருசியா வச்சுத் தைக்கிறே. எட்டாவது மெத்தையையும் நாய் கடிச்சா, நீ பெண்டாட்டி பிள்ளையோட எல்லை தாண்டிப் போயிடணும்."

முத்திருளன் தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தான். நேரே அரசவை விகடர் அழகாத்திரியின் காலில் போய் விழுந்தான்.

"எழுந்திரும்" என்றார் அழகாத்திரி. "பகல் முழுக்க அந்த நாய் என்ன பண்ணுது?"

"என்ன பண்ணும் சாமி? மெத்தையில உக்காந்திருக்கும்."

"அப்புறம்?"

"அதத் தின்னும்."

"சரி. எட்டாவதை நல்லாத் தைச்சு எடுத்துட்டு வாரும்."

சொன்னபடி கொண்டுவந்தான். அழகாத்திரி ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, மெத்தையில குத்தம் இருக்கான்னு வாயில்லாத ஜீவனைக் கேட்க முடியாது. வாயுள்ளவர் ஒருத்தர் அதுல உக்காந்து பார்த்துச் சொல்லணும். நாய்க்குக் கொடுத்த மரியாதை பூராவும் அவருக்கும் கொடுக்கணும். அந்த மரியாதையைத் தாங்கத் தங்களை விட்டா யாரு?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "அவ்வளவுதானே?"

"உச்சிப்பொழுது முரசு கொட்டுற வரைக்கும் கால் தரையில படக்கூடாது. பேச்சுத் துணை கிடையாது. வெத்திலை கிடையாது. சூரனுக்கும் அதெல்லாம் கிடையாது பாருங்க."

சூரனைப் பல்லக்கில் ஏற்றி வெளியே அனுப்பிவிட்டு, ராஜா அதன் அறையில் புது மெத்தை மேல் போய் உட்கார்ந்தார். கதவு சாத்தப்பட்டது. முத்திருளன் பலகணி வழியே பார்த்துக்கொண்டு நின்றான்.

ராஜா முதலில் சாய்ந்து படுத்தார். பிறகு புரண்டார். உத்தரத்துக் கட்டைகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். மோதிரத்தைக் கழற்றி மாட்டினார். கொட்டாவி விட்டார். அப்போது மெத்தையின் ஓரத்தில் ஒரு நூல்முனை அவர் விரலில் தட்டுப்பட்டது. அதை இழுத்தார். இன்னும் கொஞ்சம் வந்தது. முத்திருளன் கண்ணை மூடிக்கொண்டான்.

முரசு கொட்டியது. அழகாத்திரி கதவைத் திறந்தார். மெத்தையின் ஒரு மூலை முழுசாகப் பிரிந்து கிடந்தது. ராஜாவின் மடியில் பஞ்சு, கையில் பஞ்சு.

"ருசி எப்படி மகாராஜா?"

ராஜா தன் கைகளையே பார்த்தார். "நான் ஒண்ணும் தின்னலை ஓய்."

"நம்புறேன். ஆனா மீசையிலயும் கொஞ்சம் ஒட்டியிருக்கு."

ராஜா மீசையைத் தடவினார். "அரைப் பகலுக்கே எனக்கு இப்படி இருக்கு. அது ஒரு மாசமா இருந்திருக்கே" என்றார். "சூரனை இறக்கி விடுங்க. காலையிலயும் சாயங்காலமும் வேட்டைக்காரங்களோட காட்டுக்குப் போகட்டும். கடிக்க நல்ல எலும்பாப் பார்த்துக் கொடுங்க."

பிறகு முத்திருளனைப் பார்த்து முகத்தை இறுக்கிக்கொண்டார். "இருந்தாலும் ராஜா வாக்கு ராஜா வாக்குதான். எட்டாவது மெத்தையும் போச்சே."

முத்திருளன் விகடரைத் திரும்பிப் பார்த்தான். அழகாத்திரிதான் பதில் சொன்னார்.

"வாக்கு அப்படியே இருக்கட்டும் மகாராஜா. நாய் கடிச்சாத்தானே எல்லை தாண்டணும்? இந்த மெத்தையை நாய் மோந்துகூடப் பார்க்கலை. இதுல வேற யாரு கை வச்சதுன்னு நான் வெளியில சொல்லமாட்டேன்."

ராஜா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மெத்தையில் விழுந்து விழுந்து சிரித்தார். பஞ்சு அறை முழுக்கப் பறந்தது. அழகாத்திரிக்குத் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். முத்திருளன் மகள் கல்யாணத்தை அரண்மனைச் செலவில் நடத்துவதாகச் சொன்னார்.

அன்று காடெல்லாம் ஓடிவிட்டு வந்த சூரன் ஒரு கோணிச்சாக்கில் சுருண்டு தூங்கியது. சாக்கில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. முத்திருளன் மட்டும் அதற்குப் பிறகு ராஜாவுக்கு மெத்தை தைக்கும்போதெல்லாம் நாலு மூலைக்கும் இரட்டைத் தையல் போட்டான்.