செருப்பு மாட்டும் நேரம்

டாக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்டதும், எதற்காக வந்தோமோ அதை எடுத்த எடுப்பிலேயே சொன்னவர் உங்களில் யாராவது உண்டா?

இருந்தால் கை தூக்குங்கள். நான் தூக்க மாட்டேன்.

கோதண்டம் என்று ஒரு டாக்டர். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து செய்தே தலை நரைத்தவர். அவர் கத்தியைக் கையில் எடுக்கும்போது எதிரே கிடப்பவர் மயக்கத்தில் இருப்பார். பேச வேண்டியதை எல்லாம் சின்ன டாக்டர்கள் முன்னாடியே பேசி முடித்திருப்பார்கள்.

ரிடையர் ஆனார். அடுத்த வருசம் மனைவி போய்ச் சேர்ந்தார். மகள் கனடாவில்.

ஒரு நாள் பஸ் ஏறி ஒரு சின்ன ஊரில் வந்து இறங்கினார். மாவு மில்லுக்கு எதிரே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் செம்மலரின் முன்னால் போய் நின்றார். செம்மலருக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும்.

"உங்ககிட்ட நான் படிக்கணும், டாக்டரம்மா."

"நான்தான் உங்ககிட்ட படிக்கணும், சார்."

"எனக்கு வெட்டத் தெரியும், தைக்கத் தெரியும். முழிச்சிருக்கிற ஆளைப் பார்க்கத் தெரியாது."

செம்மலர் பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"கைக்கு வர்ற வரைக்கும்."

"வந்திருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அன்னைக்கே உங்களை அனுப்பிடுவேன்."

கோதண்டம் உட்கார்ந்தார். மில்லுக்கு மேலே மாடியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. சாப்பாட்டுக்கு மெஸ்.

*

அந்தக் கிளினிக்கில் டாக்டர் அறை வாசலில் ஒரு பலகை தொங்கும். 'செருப்பை வெளியே விடவும்.'

வாசலில் எப்போதும் செருப்புக் குவியல். ஒருவர் செருப்பை இன்னொருவர் மாட்டிக்கொண்டு போவதும், "ஏம்பா, அது என்னோடது" என்று பின்னாலேயே ஓடுவதும் தினமும் நடக்கும்.

டாக்டர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. கோதண்டம் லேஸ் கட்டிய ஷூவோடு உள்ளே வருவார், அதே ஷூவோடு போவார்.

செம்மலரிடம் ஒரு பழக்கம். ஆளைப் பார்த்து முடித்ததும் கூடவே எழுந்து வாசல் வரைக்கும் போவார். அவர்கள் செருப்பு மாட்டி முடிக்கிற வரை கதவைப் பிடித்தபடி நிற்பார். அப்புறம்தான் அடுத்த டோக்கன்.

இதனால் வரிசை நகரவே நகராது. கோதண்டத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கால் அரிக்கும்.

சாயங்காலம் அவர் கிளம்பும்போதும் செம்மலர் எழுந்து வாசல் வரைக்கும் வருவார். வயசுக்கு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கோதண்டம் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விடுவார்.

ஊரில் அவருக்கு ஒரு பேரும் வந்துவிட்டது. கத்தி டாக்டர்.

"நாக்கை நீட்டாதக்கா, அறுத்துருவாரு" என்று பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

திங்கட்கிழமைகளில் மட்டும், டோக்கன் கொடுக்கும் ரோசி வந்து ஷட்டரைத் தூக்கும் முன்பே கோதண்டம் வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

"ஞாயித்துக்கிழமை எப்படிப் போச்சு, சார்?" என்று செம்மலர் கேட்பார். வாராவாரம் கேட்பார்.

"போச்சு" என்பார் கோதண்டம்.

*

ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் கோதண்டம் கேட்டார்.

"டாக்டரம்மா, இவங்க என்கிட்ட என்னதான் எதிர்பார்க்கிறாங்க?"

"ஏன் சார்?"

"காய்ச்சல்ங்கிறாங்க. தொட்டுப் பார்த்தா காய்ச்சல் இல்லை. ஊசி போடுங்கங்கிறாங்க. எதுக்குன்னு கேட்டா, சும்மா போடுங்கங்கிறாங்க. ஒருத்தர் அரைமணி நேரம் தன் மாட்டைப் பத்திப் பேசிட்டு எழுந்து போறாரு."

"நீங்க அவங்ககிட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான். என்ன செய்யுதுன்னு ஒழுங்காச் சொல்லணும்."

செம்மலர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே கையைக் காட்டினார்.

கோதண்டம் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. ரோசியின் செருப்பு மட்டும் கிடந்தது.

"என்ன பார்க்கணும்?"

"அங்கேதான் இருக்கு, சார்."

மாடி அறைக்குப் போயும் அவர் இதையே யோசித்தார். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது. மில் ஓடினால் தரை லேசாக அதிரும். தண்ணீர் டம்ளர் மேசைமேல் தானாக நகரும். வேறு எதுவும் அந்த அறையில் நகர்வதில்லை.

படுக்கும்போது அவருக்குப் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தார்.

செருப்பு! தாமதமெல்லாம் அங்கேதானே!

*

அடுத்த வாரம் செம்மலர் பிள்ளைக்குக் காது குத்த, மாமியார் ஊருக்குப் போனார். கிளினிக் கோதண்டத்தின் பொறுப்பு.

முதல் வேலையாகப் பலகையைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தார்.

"எல்லாரும் செருப்போடவே உள்ள வரலாம். ரோசி, தரையை ரெண்டு தடவை துடைச்சிரும்மா."

வரிசை ஓட ஆரம்பித்தது. உள்ளே வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சீட்டை வாங்கினார்கள், போனார்கள். யாரும் வாசலில் நிற்கவில்லை. செருப்புச் சண்டை இல்லை.

"பெரிய டாக்டர் புண்ணியத்துல சீரியல் பார்க்கிற நேரத்துக்கு வீட்டுக்குப் போறேன்" என்றாள் ரோசி.

கோதண்டத்துக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. கைக்கு வந்துவிட்டது என்று நினைத்தார்.

வாரக் கடைசியில் செம்மலர் திரும்பி வந்தார். கையில் லட்டு டப்பா. வாசலைப் பார்த்தார். பலகை இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

"கூட்டம் எப்படி, சார்?"

"பறக்குது, டாக்டரம்மா."

"யாராவது திரும்பத் திரும்ப வந்தாங்களா?"

கோதண்டம் யோசித்தார்.

"பால் சொசைட்டியில பால் ஊத்துற பவளக்கொடி. முதல்ல கை குடைச்சல்னு வந்துச்சு. அப்புறம் தலைவலின்னு வந்துச்சு. நேத்து பசிக்கலைன்னு வந்துச்சு. எல்லாம் நல்லாப் பார்த்தேன். ஒண்ணும் இல்லை."

எடுத்த லட்டை செம்மலர் டப்பாவிலேயே திரும்ப வைத்தார்.

அலமாரியைத் திறந்து பலகையை எடுத்து, ஆணியில் மாட்டினார்.

"ரோசி, பவளக்கொடி அக்காவுக்குப் போன் போடு. மாத்திரை மாத்தணுமாம், உடனே வரச் சொல்லு."

*

பவளக்கொடி வந்தாள். ஐம்பதை நெருங்கும் பெண். வாசலில் பலகையைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி, குவியலுக்குள் விடாமல் ஓரமாக வைத்தாள்.

செம்மலர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கோதண்டத்தைப் பெரிய நாற்காலிக்கு அனுப்பியிருந்தார்.

"என்னம்மா செய்யுது?"

"பசிக்கல டாக்டர். வேற ஒண்ணுமில்ல."

"தூக்கம்?"

"அது வருது."

"வேற ஏதாவது?"

"ஒண்ணுமில்லையே. சொசைட்டிக்கு நேரமாச்சு. மாத்திரையைக் கொடுங்க, போறேன்."

கோதண்டம் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் எழுந்தாள்.

"சார்" என்றார் செம்மலர். "கூடப் போய் வழியனுப்பிட்டு வாங்க."

கோதண்டம் ஒன்றும் புரியாமல் எழுந்து போனார். வாசலில் போய், செம்மலர் பிடிக்கிற மாதிரியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பவளக்கொடி ஒரு காலை நுழைத்தாள். இன்னொரு கால் வாரில் மாட்டவில்லை. குனிந்தாள். குனிந்தபடியே, செருப்பிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மார்ல ஒரு கட்டி இருக்கு."

கோதண்டம் கதவை விடவில்லை.

"வலிக்கல. வலிக்காததை எல்லாம் டாக்டர்கிட்ட சொல்லணுமா?"

"சொல்லணும்மா."

"வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி. போன தடவையே இங்க சொல்லத்தான் வந்தேன். செருப்போட உள்ள வந்தேனா, எழுந்து அப்படியே நடந்து வெளிய போயிட்டேன். தெருவுக்குப் போனப்புறம்தான் சொல்லலைன்னு தெரிஞ்சுது."

எத்தனையோ கட்டிகளை அறுத்து எடுத்தவர் கோதண்டம். எல்லாம் துணி மூடிய உடம்புகள். முழித்திருக்கிற ஒரு வாய் அந்த வார்த்தையைச் சொல்ல எவ்வளவு தூரம் நடந்து வருகிறது என்று அவர் பார்த்ததில்லை.

"செருப்பை விடும்மா" என்றார். "உள்ள வா."

*

செம்மலர் திரைக்குப் பின்னால் பவளக்கொடியைப் பார்த்தார். கோதண்டம் தன் பழைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். மறுநாளே டெஸ்ட். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பவளக்கொடி புருசனையும் கூட்டிக்கொண்டு ரிசல்ட்டோடு வந்தாள்.

கோதண்டம் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"எடுத்துதான் ஆகணும். ஆனா சின்னதா இருக்கும்போதே வந்துட்டீங்க. பரவல."

"நீங்களே எடுத்துருங்க டாக்டர். கத்தி டாக்டர்னுதானே சொல்றாங்க."

"நான் வெட்டுறதை விட்டாச்சும்மா."

"அப்ப கூடவாவது நில்லுங்க."

"நிக்கிறேன்."

"சும்மா நிக்காதீங்க. மயக்கம் கொடுக்கிற வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேச?"

"என் மாட்டைப் பத்திக் கேளுங்க" என்றாள் பவளக்கொடி.

கோதண்டம் சிரித்தார். அந்தக் கிளினிக்கில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன் என்று ரோசி இப்போதும் சொல்வாள்.

அவர்கள் போகும்போது கோதண்டம் வாசல் வரைக்கும் போனார். இரண்டு பேரும் செருப்பு மாட்டி முடிக்கிற வரை கதவைப் பிடித்தபடி நின்றார். திரும்பி வந்தபோது செம்மலர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வந்திருச்சு, சார்."

"என்னது?"

"கைக்கு வந்திருச்சு. இனி உங்களுக்குச் சொல்லித்தர என்கிட்ட ஒண்ணுமில்லை."

இதைக் கேட்கத்தான் அவர் பஸ் ஏறி வந்தார். கேட்டுவிட்டார். தலையை ஆட்டினார்.

"ரொம்ப நன்றி, டாக்டரம்மா."

"எப்ப ஊருக்குக் கிளம்புறீங்க?"

"பார்க்கணும்."

பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார். பையை எடுத்துக்கொண்டார்.

"அப்ப வர்றேன்."

செம்மலர் எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். எல்லோருக்கும் வருகிற மாதிரி.

அன்று காலையில் கோதண்டம் ஷூவை வெளியே கழற்றி விட்டிருந்தார், முதல் தடவையாக. படியில் உட்கார்ந்தார். ஒரு ஷூவுக்கு லேஸ் கட்டினார். அடுத்ததற்கும் கட்டினார். கட்டியதை அவிழ்த்தார். மறுபடியும் கட்டினார்.

செம்மலர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றார் கோதண்டம், ஷூவைப் பார்த்தபடி.

"ஆமா, சார்."

"மெஸ் கிடையாது."

"ம்."

"மில்லும் ஓடாது."

செம்மலர் கதவில் சாய்ந்துகொண்டார்.

"ஒரே ஒரு மணி நேரம் கிளினிக்கைத் திறந்து வைங்களேன், டாக்டரம்மா."

"ஞாயித்துக்கிழமை யாரு சார் வருவாங்க?"

கோதண்டம் லேஸை இறுக்கினார். தலையைத் தூக்கவில்லை.

"ரோசிகிட்ட சொல்லி எனக்கு ஒரு டோக்கன் எடுத்து வைங்க."