மந்தி நெய்த மேளவார்

நீலிமலைக் காட்டில் ஒரு கரடி இருந்தது. மேளம் அடிப்பதில் அதற்கு இணை யாருமில்லை. கோடையில் குளம் வற்றினால், விலங்குகள் எல்லாம் மலைமுகட்டைத் தாண்டி ஏரிக்குப் போக வேண்டும். முகட்டில் ஒற்றையடிப் பாதை. பக்கத்திலேயே பாதாளம். எப்போதும் மூடுபனி. கரடி மேளத்தைத் தோளில் மாட்டி அடித்துக்கொண்டே முன்னால் நடக்கும். அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவை பின்னால் வரும்.

அந்த ஆண்டும் குளம் வற்றிச் சேறானது. கரடி மேளத்தை எடுத்துப் பார்த்தால், அதன் வாரைக் கரையான் தின்றிருந்தது!

"வார் இல்லாம எப்படி மாட்டிக்கிட்டு நடப்பேன்?" என்று கரடி தலையில் கைவைத்தது.

அப்போதுதான் குட்டி ஈன்றிருந்த புள்ளிமான் நடுங்கிப்போனது. "ஐயோ! மேளம் கேக்கலைன்னா அந்தப் பனியில என் குட்டி பாதாளத்துல விழுந்துடுமே!"

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று மரத்திலிருந்து குதித்தது மந்தி. நெசவில் அது கெட்டிக்காரி. கை வேகம், வாய் அதைவிட வேகம்.

மந்தி கற்றாழை நாரை நூலாக்கிச் சிவப்பும் மஞ்சளுமாகச் சாயமேற்றியது. மரப்பட்டையில் சதுரச் சில்லுகள் வெட்டி, மூலைக்கு ஒரு துளையிட்டு, துளைக்கு ஒரு நூல் கோத்தது. நூல்களின் ஒரு நுனியை நாவல் மரத்தில் கட்டியது. மறு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. சில்லுகளைச் சேர்த்துப் பிடித்து முன்பக்கமாக ஒரு திருப்பு. குறுக்குநூலை ஓட்டி ஓர் இறுக்கு. சாய்ந்த சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

நாவல் மரத்தடி வளையிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. "அக்கா! இந்தப் பக்கம் நூலெல்லாம் முறுக்கிக்கிட்டு வருது. சில்லைக் கொஞ்சம் பின்பக்கமாத் திருப்புங்களேன்!"

"நேரா நடக்கத் தெரியாத நீ எனக்குப் புத்தி சொல்றியா?" என்று மந்தி சிரித்தது. "திருப்பினா நெய்ததெல்லாம் பிரிஞ்சுடும். முன்வச்ச காலைப் பின்வைக்க மாட்டா இந்த மந்தி!"

"கோணலா நடந்தாலும் என் வளைக்கு நான் ஒழுங்காப் போய்ச் சேர்றேனே!" என்று முணுமுணுத்துவிட்டு நண்டு உள்ளே போனது.

பாதி வார் ஆனது. மரப்பக்கம் முறுக்கு ஏறி, சில்லுகள் அசைய மறுத்தன. மந்தி பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் முன்பக்கமே திருப்பியது. பட்டென்று ஒரு நூல் அறுந்தது!

குளத்துச் சேற்றை மான்குட்டி நக்கிக்கொண்டிருந்தது. "எனக்குப் பால் வத்திப்போச்சு, அக்கா. இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டது மான்.

மந்தி அறுந்த நூலை முடிச்சுப் போட்டது. 'பிரிந்தால் பிரியட்டும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சில்லுகளைப் பின்பக்கமாகத் திருப்பியது. குறுக்குநூலை ஓட்டியது. மறுபடியும் பின்பக்கமே திருப்பியது. பிறகு மெல்லக் கண்ணைத் திறந்தது.

ஓர் இழைகூடப் பிரியவில்லை! குறுக்குநூல் நெய்ததைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. மரத்தடியில் முறுக்கு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. இதுவரை ஒரே பக்கம் சாய்ந்த கோடுகள் இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்தன. பழைய கோடும் புதிய கோடும் நடுவில் கூடி, சிவப்பில் ஓர் அம்புமுனை மலர்ந்தது. சுற்றி நின்ற விலங்குகள் மூச்சுவிடவும் மறந்தன. யானைகூடக் காதை ஆட்டவில்லை.

"ஆத்தாடி! இது நான் செஞ்சதா?" என்றது மந்தி. அதன் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நண்டே, வெளியே வா! உன்னைச் சிரிச்சது என் தப்பு. நீயும் வந்து பாரு!"

மந்தி மீதி வாரையும் நெய்து மேளத்தில் கட்டியது. விடிந்ததும் புறப்பட்டார்கள். முகட்டில் கரடியின் கால் பாசியில் வழுக்கியது. மேளம் தோளைவிட்டு நழுவிப் பாதாளத்தின் மேல் ஊசலாடியது. எல்லாரும் அலறினார்கள். முழங்கையில் சிக்கிய வார் அறுபடவில்லை! கரடி மேளத்தை இழுத்து மாட்டிக்கொண்டு மறுபடி அடித்தது. வெள்ளைப் பனிக்குள் அந்த ஓசை முன்னால் போக, மான்குட்டி தாயை உரசிக்கொண்டே ஏரிக்கரை வந்து சேர்ந்தது.

திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புவது தோல்வி ஆகாது. திரும்ப மறுப்பவனுக்கே செய்த வேலையும் அறுந்துபோகும்.