மூன்றாவது உத்தரம்

அரிசி ஆலையில் தவிடு அள்ளும் பூவாயி, மூன்றாவது உத்தரம் விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லி அதன் கீழே வேலை செய்ய மறுத்தாள். முதலாளி ரத்தினசபாபதி முந்தின நாள்தான் அதைப் பூசி வெள்ளையடித்திருந்தார்.

"பூச்சைச் சுரண்டாம விரிசலைக் காட்டு. இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே."

இயந்திரம் ஓடும்போதே பூவாயி ஏணி வைத்து ஐந்து உத்தரங்களிலும் ஆட்டு மணி கட்டினாள். எதுவும் ஒலிக்கவில்லை.

"உன் விரிசல் ஊமையா?"

"விரிசல் விட்டது மெதுவான அதிர்வுக்குத்தான் ஆடும் முதலாளி. மெஷினை நிறுத்தச் சொல்லுங்க, வேகம் கொறையும்போது தெரியும்."

சக்கரத்தின் வேகம் தளர்ந்தது. யாரும் தொடாமல் மூன்றாவது மணி மட்டும் குலுங்கத் தொடங்கியது. மற்ற நான்கும் செத்தவை போலத் தொங்கின.

"காத்து..." என்றார் அவர்.

"அப்ப அதுக்கு அடியில நாற்காலி போடுறேன், உட்காருங்க. மறுபடி ஓட்டிப் பாப்போம்."

முதலாளியின் பதில் வாசலுக்கு வெளியிலிருந்து வந்தது: "எல்லாரையும் வெளிய வரச் சொல்லு!"